மண் ஈரமாக இருக்கிறது, கன்று வாடுகிறது: அக்லோனிமாவுக்கு என்ன ஆயிற்று?

கிளிநொச்சியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். குடிபூரலுக்கு அன்பளிப்பாக வந்த சிவப்பு இலை அக்லோனிமா, வரவேற்பறை மூலையில் வெள்ளைச் செரமிக் சாடியில் நிற்கிறது. தினமும் காலையில் ஒரு கிளாஸ் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். ஐப்பசி மழை தொடங்கியபின் கீழ் இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகி, மேல் இலைகளும் தொங்கிவிட்டன. "தண்ணீர் காணாது" என்று மாமியார் மாலையிலும் ஊற்றுகிறார். இடையில் ஒரு தேக்கரண்டி யூரியாவும் போட்டாயிற்று. இப்போது மண்ணைத் தொட்டால் சின்னஞ்சிறு கறுப்புப் பூச்சிகள் பறக்கின்றன. எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்ற வேண்டும், என்ன மருந்து அடிக்க வேண்டும் என்று கேட்டு முடித்திருக்கிறார். எழுத்தில் இருப்பவை இந்த இரண்டு கேள்விகள்தாம். ஆனால் அவரை உண்மையில் குழப்புவது வேறு என்று நினைக்கிறேன். மண் நனைந்து கிடக்கும்போது கன்று ஏன் தாகத்தில் வாடுவதுபோல் வாடுகிறது? வீட்டில் யார் சொல்வது சரி? இது இனிப் பிழைக்குமா? அந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன். எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதற்கு மட்டும் அவர் எதிர்பார்க்கும் பதில் என்னிடமிருந்து கிடைக்காது.

நான் வன்னியில் விவசாயப் போதனாசிரியராக வேலை செய்து ஓய்வு பெற்றவன். இப்போது சிறிய பூங்கன்று நாற்றுமேடை ஒன்றை வைத்திருக்கிறேன். படித்துப் பெற்ற பயிற்சி நெல்லுக்கும் மிளகாய்க்கும் உழுந்துக்கும் உரியது. வீட்டுக்குள் வளர்க்கும் அழகுக் கன்றுகளை நாற்றுமேடையில் வைத்துப் பழகிப் பழகித்தான் அறிந்துகொண்டேன். அவர் போட்ட படத்தில் இலைதான் தெரிகிறது, வேர் தெரியவில்லை. ஆகவே வேரை அழுகவைப்பது எந்தக் கிருமி என்று பெயர் சொல்லமாட்டேன். வேரை நேரில் பார்த்தாலும் வெறும் கண்ணால் அதை முடிவுசெய்ய முடியாது, ஆய்வுகூடத்தில் பார்த்தால்தான் தெரியும். நல்லவேளையாக, கன்றைக் காப்பாற்றுவதற்குக் கிருமியின் பெயர் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.

உறுதியாகத் தெரிந்ததிலிருந்து தொடங்குகிறேன். வேர் வெறுமனே தண்ணீர் உறிஞ்சும் குழாய் அல்ல, அது மூச்சுவிடும் உறுப்பு. இலை செய்து அனுப்பும் சர்க்கரையை ஒட்சிசனோடு சேர்த்து எரித்துத்தான் வேர் தன் வேலைக்கான சக்தியைப் பெறுகிறது. அந்த ஒட்சிசன் மண் மணிகளுக்கு இடையிலுள்ள இடைவெளிகள் வழியாக வருகிறது. இடைவெளிகளில் தண்ணீர் நின்றுவிட்டால் காற்று வரும் வழி அடைபடும். தண்ணீருக்குள் ஒட்சிசன் பரவும் வேகம், காற்றில் பரவும் வேகத்தில் ஏறத்தாழ 10,000இல் ஒரு பங்குதான். மண்ணில் உள்ள நுண்ணுயிர்களும் இருக்கிற கொஞ்ச ஒட்சிசனுக்குப் போட்டி போடும். மூச்சுத் திணறும் வேரின் கலங்களில் அமிலத்தன்மை கூடுகிறது, தண்ணீர் உள்ளே நுழையும் நுண்ணிய வாயில்கள் மூடிக்கொள்கின்றன. இலையோ பகல் முழுதும் நீராவியை வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது. கீழிருந்து வரத்து இல்லை, மேலே செலவு நிற்கவில்லை. கன்று தொங்கிவிடுகிறது. வாடல் உண்மையான வாடல்தான், இலைக்குத் தண்ணீர் காணாது என்பதும் உண்மைதான். உங்கள் மாமியார் கண்டது சரி, செய்த வைத்தியம்தான் நோயைக் கூட்டியது. சண்டை வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை, இரண்டும் நிஜம்.

வன்னியில் தோட்டம் செய்தவர்களுக்கு இது புதிதல்ல. மாரியில் விடாமல் மழை பெய்து ஓய்ந்தபின் சுள்ளென்று ஒரு வெயில் அடித்தால், தண்ணீர் நின்ற மிளகாய்ப் பாத்தியில் கன்றுகள் மதியத்துக்குள் தலை தொங்கிப்போவதைப் பார்த்திருப்பார்கள். பப்பாசி அதைவிட மோசம், அடியில் இரண்டு மூன்று நாள் வெள்ளம் நின்றாலே பெரும்பாலும் திரும்பாது. பக்கத்து வயலில் நெல் மட்டும் முழங்கால் தண்ணீரில் சுகமாக நிற்கும். நெல்லுக்கு இலையிலிருந்து வேர்வரை காற்று இறங்கும் குழல்கள் உள்ளே இருக்கின்றன. வழியில் காற்று கசிந்து போகாதபடி வேரின் வெளிப்புறமும் இறுகியிருக்கிறது. அக்லோனிமாவுக்கு அந்த ஏற்பாடு கிடையாது. தென்கிழக்காசிய மழைக்காடுகளில் பெரிய மரங்களின் நிழலில், உதிர்ந்த இலைகள் மக்கிய பொலபொலப்பான மண்ணில் வளரும் இனம் அது. அங்கே மழை அதிகம், ஆனால் தண்ணீர் நிற்பதில்லை.

அப்படியானால் போத்தலில் வெறும் தண்ணீரில் மணிப்பிளாண்ட் வளர்கிறதே, அக்லோனிமாவைக்கூட அப்படி வைக்கிறார்களே என்று யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்வி. தண்ணீரிலேயே முளைத்த வேர் அந்தச் சூழலுக்கேற்பக் காற்று இடைவெளிகள் கூடியதாக உருவாகிறது. போத்தல் தண்ணீரில் மக்கும் பொருள் குறைவு, அதனால் ஒட்சிசனைத் தின்னும் நுண்ணுயிர்களும் குறைவு. நீங்களும் அவ்வப்போது தண்ணீரை மாற்றுகிறீர்கள். கூட்டெரு கலந்த சேற்றுக்குள், காற்றுள்ள மண்ணில் வளர்ந்து பழகிய வேரைத் திடீரென்று மூழ்கடிப்பது வேறு கதை. "கூடுதல் தண்ணீர்" என்று நாம் சொல்வது அளவைப் பற்றிய பேச்சாகத் தோன்றினாலும், உண்மையில் அது காற்றில்லாமையைப் பற்றிய பேச்சு. ஒரே தடவையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, அது அடியால் ஓடிப் போய்விட்டால் கன்றுக்கு ஒன்றும் ஆகாது. ஓட்டையில்லாத சாடியில் தினம் ஒரு கிளாஸ் ஊற்றினால் கன்று போய்விடும்.

இனி, உங்கள் கன்றுக்கு நடந்தது இதுதான் என்று எவ்வளவு உறுதியாகச் சொல்லலாம்? கீழ் இலைகள் முதலில் மஞ்சளானது, இலை காய்ந்து சருகாகாமல் மெத்தென்று தொங்குவது, மண் விடாமல் ஈரமாக இருப்பது, பூச்சி, மழைக்காலம், தினசரித் தண்ணீர். எல்லாம் ஒரே பக்கம்தான் கைகாட்டுகின்றன. தண்ணீர் காணாமல் வாடும் கன்றின் சாடி தூக்கினால் இலேசாக இருக்கும், மண் விளிம்பைவிட்டு விலகி நிற்கும், இலை நுனி மொறுமொறுவென்று காயும், தண்ணீர் ஊற்றினால் சில மணி நேரத்தில் நிமிரும். உங்களுடையது நிமிரவில்லை. அதுவே போதிய சாட்சி.

ஆனால் எல்லா மஞ்சளும் தண்ணீரால் வருவதில்லை, இங்கே கொஞ்சம் சந்தேகத்துக்கு இடம் விடுகிறேன். எங்கள் பக்கத்துக் கிணறுகளிலும் குழாய்க்கிணறுகளிலும் பல இடங்களில் தண்ணீர் கல்சியம் நிறைந்தது. கேத்தல் அடியில் வெள்ளையாகப் படிவதே அதற்குச் சாட்சி. அதே தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றினால் சாடி விளிம்பிலும் மண் மேலும் வெள்ளைப் பொருக்குக் கட்டும், இலை நுனி பழுப்பாகும். மண்ணின் காரத்தன்மை கூடி, வேருக்கு இரும்பு எட்டாமல் போகும். அப்போது புது இலையில் நரம்பு பச்சையாகவும் நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி மஞ்சளாகவும் தெரியும். உங்கள் படத்தில் மஞ்சள் பழைய இலைகளில் முழுதாகப் பரவியிருக்கிறது, ஆகவே இரும்புக் குறையை நான் முதலில் சந்தேகிக்கமாட்டேன். ஆனால் மூச்சுத் திணறிய வேரும் இரும்பை எடுக்காது என்பதால் இரண்டும் சேர்ந்து வருவதும் உண்டு. யூரியாவும் தன் பங்குக்கு நுனியைக் கருக்கியிருக்கலாம். வேலை செய்யாத வேருக்குப் பசளை உணவாகாது, மண்ணில் உப்பாகத்தான் நிற்கும். எது எத்தனை வீதம் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் மண்ணை மாற்றினால் மூன்றும் ஒருங்கே தீரும். அதனால்தான் அதைச் செய்யச் சொல்கிறேன்.

காலையில் இலை நுனியில் தெளிந்த துளி தொங்குவதைப் பார்த்துச் சிலர் பயப்படுவார்கள். அக்லோனிமாவுக்கும் மணிப்பிளாண்டுக்கும் அது இயல்பு, நோயல்ல. மாதத்துக்கு ஒரு கீழ் இலை மஞ்சளாகி விழுவதும் வயதுதான்.

மருந்துக் கடைக்கு இப்போதைக்குப் போக வேண்டாம். முதலில் கன்றை வெளியே எடுங்கள். விறாந்தையில் பழைய பேப்பர் விரித்து, கன்றின் அடியைப் பிடித்துச் சாடியைக் கவிழ்த்துத் தட்டினால் மண்ணோடு வந்துவிடும். வரும்போதே மூக்குக்கு விடயம் தெரிந்துவிடும். நல்ல மண்ணில் மழை மணம் இருக்கும், காற்றில்லாத மண்ணில் அடைபட்ட வாய்க்கால் நாற்றம் அடிக்கும். மண்ணை விரலால் மெதுவாக உதிர்த்து வேரைப் பாருங்கள். வெள்ளையாகவோ வெளிறிய பழுப்பாகவோ இருந்து, நகத்தால் அழுத்தினால் விறைப்பாக நிற்பது உயிருள்ள வேர். கடும் பழுப்பாக, வழவழவென்று இருப்பதைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் பிடித்து இழுங்கள். மேல்தோல் உறைபோலக் கழன்று கையோடு வந்து, உள்ளே மெல்லிய நூல் மட்டும் மிஞ்சினால் அது செத்த வேர். நிறத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். பாம்புக் கன்றின் கிழங்கும் திரசீனாவின் வேரும் இயல்பாகவே செம்மஞ்சளாக இருக்கும். அதை அழுகல் என்று நினைத்து வெட்டிவிட்டு என்னிடம் வந்தவர்கள் உண்டு. விறைப்பா, வழவழப்பா என்பதுதான் அளவுகோல்.

செத்த வேரை எல்லாம் வெட்டிவிடுங்கள். கத்தரிக்கோலை ஸ்பிரிட்டால் துடைத்து, அழுகலைத் தாண்டி நல்ல பகுதி தெரியும் இடத்தில் வெட்ட வேண்டும். பாதியை விட்டுவைத்தால் அது மேலே ஏறும். அக்லோனிமாவின் சாற்றில் ஊசிபோன்ற நுண்ணிய கல்சியம் ஒட்சலேற்றுப் பளிங்குகள் இருக்கின்றன. கை அரிக்கும், கண்ணில் பட்டால் எரியும். கையுறை இல்லாவிட்டால் ஒரு பொலித்தீன் பையையாவது மாட்டிக்கொள்ளுங்கள், சின்னப் பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள். வேர் பாதி போய்விட்டால் மேலே இலையும் கொஞ்சம் குறைய வேண்டும். மஞ்சளானவற்றை எடுத்துவிட்டாலே பொதுவாகக் கணக்குச் சரியாகும். பச்சை இலையைக் கழிப்பதில் நான் கஞ்சன், புது வேருக்கான சர்க்கரை அங்கிருந்துதான் வர வேண்டும்.

வெட்டிய இடத்தில் கறுவாத்தூள் பூசு, மஞ்சள் பூசு என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். கறுவா எண்ணெய்க்குப் பங்கசுவைத் தடுக்கும் சக்தி உண்டு என்பது ஆய்வுகூடச் சோதனைகளில் தெரிந்த விடயம். சமையலறைத் தூளை வேரில் தூவினால் சாடிக்குள் அதே பலன் கிடைக்கும் என்பதற்கு அது ஆதாரமாகாது. பூசினால் பெரிய கெடுதல் இல்லை, நம்பி இருந்துவிடாதீர்கள். ஐதரசன் பரவொட்சைட்டு ஊற்றச் சொல்வதும் இப்படித்தான். அது சிதைந்து ஒட்சிசனைத் தருவது உண்மை. அந்த ஒட்சிசன் சற்று நேரத்துக்குத்தான், சேறு சேறாகவே இருக்கும். கடையில் விற்கும் பங்கசுநாசினிகளில் ஒரு பொறி இருக்கிறது. ஈரத்தில் வேரை அழிக்கும் பித்தியம், பைட்டோப்தோரா போன்றவை உண்மையான பங்கசுகள் அல்ல. பாசிகளோடு தூரத்து உறவுள்ள, நீரில் நீந்தும் வித்திகளை விடும் வேறொரு கூட்டம். பலர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கும் காபென்டசிம் அவற்றைத் தொடாது. மெற்றலாக்சில் போன்றவை தொடும். ஆனால் வரவேற்பறையில் நிற்கும் ஒற்றைச் சாடிக்கு, எந்தக் கிருமி என்றே தெரியாமல், பிள்ளைகள் நடமாடும் இடத்தில் அதைக் கலக்குமாறு நான் யாருக்கும் சொல்வதில்லை. திரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பங்கசு கலந்த மண் வருமுன் காப்பதில் ஓரளவு உதவும், அழுகிவிட்ட வேரை அது திருப்பித் தராது.

இனிச் சாடி. உங்கள் படத்தைப் பார்த்ததும் கண்ணில் குத்தியது அந்த வெள்ளைச் செரமிக்தான், அடியில் ஓட்டை இருப்பதாகத் தெரியவில்லை. இருந்தால் சந்தோசம். இல்லாவிட்டால் அதை வெளிச்சாடியாக வைத்துக்கொள்ளுங்கள். கன்றை ஓட்டையுள்ள பிளாஸ்டிக் சாடியில் நட்டு, அதற்குள் இறக்கி வைக்கலாம். தண்ணீர் ஊற்ற வேண்டிய நாளில் வெளியே எடுத்து ஊற்றி, நன்றாக வடியவிட்டுத் திரும்ப வைத்தால் வீட்டு அழகும் கெடாது. அடியில் கல்லும் ஓட்டுத் துண்டும் அடுக்கினால் ஓட்டை இல்லாத குறை தீரும் என்பது ஊரெங்கும் உள்ள நம்பிக்கை. அது பிழை. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய கற்களுக்குள் தண்ணீர் தானாக இறங்காது, மேலேயுள்ள மண் முழுதும் நிறைந்து வழிந்தால்தான் இறங்கும். ஆக, சாடியின் அடியில் நிற்க வேண்டிய சேற்றுப் படை கல்லின் உயரத்துக்கு மேலேறி வேரின் பக்கம் வந்துவிடுகிறது. பாத்திரம் கழுவும் ஸ்பொஞ்சை நனைத்துப் படுக்கையாகப் பிடியுங்கள், சொட்டு நின்றதும் நெடுக்காக நிறுத்துங்கள், மறுபடி தண்ணீர் வடியும். எந்த மண்ணும் தன் அடியில் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்குத் தண்ணீரைப் பிடித்துவைக்கும். சாடி உயரமாக இருந்தால் அதற்கு மேலே காற்றுள்ள மண் மிஞ்சும், தட்டையாக இருந்தால் மிஞ்சாது. ஓட்டை வழியே மண் போகாமல் இருக்க ஒரு ஓட்டுத் துண்டோ கொஞ்சம் தென்னந்தும்போ போதும்.

சாடி அளவும் முக்கியம். வேர் பாதி வெட்டுப்பட்ட கன்றுக்குப் பழைய சாடி பெரிது. மிஞ்சிய வேரைச் சுற்றி இரண்டு விரல் இடம் இருந்தால் போதும். பெரிய சாடியில் வேர் எட்டாத மண் காயவே காயாது. மண் சாடி கிடைத்தால் அதுவே சிறந்தது, பக்கச் சுவராலும் ஈரம் போகும்.

மண் கலவையில்தான் வன்னியில் பலருக்குச் சறுக்குகிறது. முற்றத்துச் செம்மண்ணையோ வயல் மண்ணையோ அப்படியே அள்ளி நிரப்புகிறார்கள். நிலத்தில் நல்ல மண்ணாக இருப்பது சாடிக்குள் நல்ல மண்ணாக இருக்கவேண்டிய கட்டாயமில்லை. நிலத்தில் மண்புழுவும் மற்ற வேர்களும் திறந்துவைக்கும் வழிகள் சாடியில் இல்லை, சில தடவை தண்ணீர் ஊற்றியதும் படிந்து இறுகிவிடும். நான் கலப்பது இப்படி: கழுவிய தும்புச்சோறு (தேங்காய் மட்டைத் தூள்) இரண்டு பங்கு, அரிசி ஆலையில் கிடைக்கும் உமியைக் கருக்கிய உமிக்கரி ஒரு பங்கு, கரடான ஆற்று மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய கூட்டெரு ஒரு பங்கு. செம்மண் சேர்க்க விரும்பினால் ஒரு கைப்பிடி. தும்புச்சோறு தன் எடையைப்போல் எட்டு மடங்கு வரை தண்ணீர் பிடிக்கும், அதனால் தனியாக அதை மட்டும் பாவிக்கக்கூடாது. உப்பும் இருக்கும், அதனால்தான் கழுவச் சொல்கிறேன். நல்ல தண்ணீரில் ஊறவிட்டுப் பிழிந்து, அதையே திரும்பவும் செய்யுங்கள். இந்த அளவு என் நாற்றுமேடை நிழலுக்குச் சரிவந்தது. உங்கள் அறை இருட்டாக இருந்தால் மணலையும் உமிக்கரியையும் இன்னும் கூட்டுங்கள். பச்சை எருவோ, அரைகுறையாக மக்கிய கூட்டெருவோ வேண்டாம், அவை மக்கும்போதும் ஒட்சிசனைத்தான் தின்னும்.

நட்டபின் ஒரு தடவை நன்றாகத் தண்ணீர் விட்டு வடியவிடுங்கள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு இருப்பதுதான் கடினமான வேலை. யன்னலோரம், நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். வேர் மிகக் குறைவாக இருந்தால் பெரிய பொலித்தீன் பையைத் தளர்வாக மூடிக் காற்றின் ஈரத்தைக் காக்கலாம், இலை நிமிர்ந்தபின் படிப்படியாக எடுக்க வேண்டும். புது இலை விரியும்வரை யூரியா உட்பட எந்தப் பசளையும் கூடாது. பிழைக்குமா என்று கேட்டால், விறைப்பான வேர் மூன்றில் ஒரு பங்காவது மிஞ்சி, தண்டின் அடி கல்லுப்போல் இருந்தால் பெரும்பாலும் பிழைக்கும் என்பது என் அனுபவம். மஞ்சளான இலை பச்சைக்குத் திரும்பாது. குருத்தைப் பாருங்கள், இலையைப் பார்க்க வேண்டாம்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதற்கு இப்போது வருகிறேன். நாள் கணக்கு வைக்க முடியாது என்பதற்குக் காரணம் எங்கள் காலநிலையே. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சோளகக் காற்று வீசும்போது, விறாந்தையில் நிற்கும் சாடி இரண்டு நாளில் காய்ந்துபோகும். அதே சாடி கார்த்திகையில், மேகமூட்டத்தில், சாரலுக்குப் பயந்து யன்னல்களை மூடிய அறைக்குள், இரண்டு கிழமை ஆனாலும் காயாது. ஒளி குறைந்தால் இலை குறைவாகவே உழைக்கும், காற்றில் ஈரம் கூடினால் நீராவி வெளியேறாது. கன்றின் தண்ணீர்த் தேவை பாதியாகும்போது நாங்கள் கோடைக்கால வழக்கத்தையே தொடர்கிறோம். உங்கள் கன்று ஐப்பசிக்குப்பின் படுத்ததற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். கோடையில் அதே ஒரு கிளாஸைத் தாங்கிக்கொண்டிருந்திருக்கும்.

ஆகவே மண்ணைக் கேளுங்கள். மேல் மண் பார்வைக்கு வெளிறியிருந்தால் போதாது, தும்புச்சோறு மேலே காய்ந்து கீழே நனைந்திருக்கும். விரலை இரண்டு கணு ஆழம் விடுங்கள். விரல் எட்டாத சாடிக்கு ஒரு ஈர்க்கை அடிவரை குத்திக் கொஞ்ச நேரம் விட்டு எடுங்கள். கறுத்து, மண் ஒட்டி வந்தால் இன்னும் ஈரம். எல்லாவற்றையும்விட நம்பகமானது தூக்கிப் பார்ப்பது. தண்ணீர் ஊற்றி வடிந்தபின் ஒருமுறை தூக்குங்கள், காய்ந்தபின் ஒருமுறை தூக்குங்கள், பிறகு கையே சொல்லிவிடும். ஒன்லைனில் விற்கும் மலிவான ஈரமானிகள் ஈரத்தை நேராக அளப்பதில்லை, மின்சாரம் கடத்துவதை அளக்கின்றன. எங்கள் உப்பும் கல்சியமும் கலந்த தண்ணீரில் அவை பொய் சொல்லும். ஊற்றும் நாளில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், அடியால் வடியும்வரை ஊற்றுங்கள். தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பது மேலே ஈரத்தையும் கீழே உப்பையும்தான் சேர்க்கும். மாரியில் பீலியில் விழும் மழைத் தண்ணீரைச் சேமித்து வைத்தால் கன்றுக்கு அதைவிட நல்ல தண்ணீர் இல்லை. முதல் மழையை ஓடவிட்டு, வாளியை இறுக்க மூடி வையுங்கள்.

மூடச் சொல்வதற்குக் காரணம் நுளம்பு. சாடிக்கு அடியில் வைக்கும் தட்டில் தேங்கும் தண்ணீர் வேரை அழுகவைப்பது ஒரு பக்கம், டெங்கு நுளம்பு முட்டையிட அந்தக் கொஞ்சத் தண்ணீரே போதும் என்பது மறுபக்கம். முட்டை நுளம்பாகப் பறக்கக் கிட்டத்தட்ட ஒரு கிழமையிலிருந்து 10 நாள் போதும். காய்ந்த தட்டில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, அடுத்த ஈரத்தில் பொரிக்கும். அதனால் தட்டைக் கவிழ்த்து ஊற்றினால் போதாது, தும்பால் உரஞ்சிக் கழுவ வேண்டும். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி நுளம்பு பெருக இடம் விடுவது தண்டனைக்குரியது, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் பூச்சாடித் தட்டையும் பார்ப்பார். ஓட்டையில்லாத வெளிச்சாடியின் அடியையும் மறந்துவிடாதீர்கள், அதற்குள் எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு.

நீங்கள் சொன்ன கறுப்புப் பூச்சி நுளம்பல்ல, கடிக்காது. ஈரமண்ணின் மேற்படையில் முட்டையிடும், பங்கசுக் கொசு என்ற சின்ன ஈ வகை. அதன் புழு மக்கும் பொருளையும் பங்கசுவையும் தின்னும், மெல்லிய வேரையும் கடிக்கும். நல்ல கன்றைக் கொல்லாது, நலிந்ததை மேலும் நலிவாக்கும். முட்டையிலிருந்து பூச்சியாக மூன்று நான்கு கிழமை எடுக்கும். மண்ணை மாற்றி, மேலே இரண்டு அங்குலம் காயவிட்டாலே அடுத்த தலைமுறை குறைந்துவிடும். பறப்பவற்றை மஞ்சள் அட்டையில் பசை தடவிப் பிடிக்கலாம். இதற்கு நஞ்சு தெளிப்பது வீண் வேலை.

கவிழ்த்துப் பார்த்து ஒரு நல்ல வேர்கூட இல்லை என்றால் தண்டைப் பாருங்கள். அடியிலிருந்து மேலாக வெட்டிக்கொண்டே போனால், உள்ளே பழுப்பு வட்டம் மறைந்து வெள்ளையாக, விறைப்பாக ஒரு இடம் வரும். அங்கிருந்து மேலே ஒரு சாண் துண்டு கிடைத்தாலும் போதும். கீழ் இலைகளைக் கழித்து, வெட்டு வாயை நிழலில் ஒரு நாள் உலரவிட்டு, ஈரமான மணலும் உமிக்கரியும் கலந்ததில் நடலாம். அல்லது சுத்தமான தண்ணீருள்ள போத்தலில் வைத்து, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றலாம். வேர் வரக் கிழமைகள் ஆகும். தண்ணீரில் வந்த வேரை மண்ணுக்கு மாற்றும்போது கன்று கொஞ்சம் முகம் வாடும், அது இடமாற்றத்தின் வாட்டம், அதற்காகத் தண்ணீர்க் குவளையைத் தூக்காதீர்கள். மஞ்சள் விளிம்புப் பாம்புக் கன்று வைத்திருப்பவர்கள் அதையும் இப்படிக் காப்பாற்றலாமா என்று கேட்பார்கள். இலைத்துண்டிலிருந்து வரும் கன்று மஞ்சள் விளிம்பை இழந்து வெறும் பச்சையாகத்தான் வரும். அந்த விளிம்பு வேண்டுமானால் கிழங்கோடு பிரித்து நட வேண்டும். எங்கள் உலர் வலயத்தில் தானாக வளரும் மருளின் இனம்தான் அது, மாரி முழுவதும் வீட்டுக்குள் அதற்கு ஒரு சொட்டும் ஊற்றாமல் விட்டாலும் கோபிக்காது.

கொட்டிய பழைய மண்ணை இன்னொரு சாடிக்கோ மிளகாய்ப் பாத்திக்கோ போட வேண்டாம், முற்றத்து மூலையில் வெயில் படும்படி மெல்லியதாகப் பரப்பி விடுங்கள். சாடியைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி வெயிலில் வைத்தபின் பாவிக்கலாம். வெட்டுவதற்கு முன் வேரைப் படம் எடுத்துப் போட்டால், எது நிற்க வேண்டும், எது போக வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.